பழைய ட்ரயம்புக்குப் புது ரெகுலேட்டர்

1960களின் இறுதியில் வந்த ட்ரயம்ப் பான்வில்லில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் ரெக்டிஃபையரையும் ஜீனர் டயோடையும் சோதியுங்கள். இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இப்போது ஒரே பெட்டியாகக் கிடைக்கிறது. ஆல்டர்னேட்டரின் இரண்டு வயர்களை அதில் எப்படி மாற்றிக் கொடுத்தாலும் பாதகமில்லை. பேட்டரி பக்கம்தான் கவனம் வேண்டும்: இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய வண்டிப் பழக்கத்தில் நெகட்டிவைச் சேஸிஸில் கொடுத்தால், வாங்கிய பெட்டி அப்போதே பாழாகலாம். ஜீனருக்குப் போகும் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிடுங்கள். நெகட்டிவ் வயரில் ஃப்யூஸ் கட்டாயம். எர்த் சேருமிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். பாதிக் கோளாறு அங்கேதான். பிறகு இன்ஜினைச் சற்று முறுக்கி, பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் சரி; 15ஐத் தாண்டினால் பேட்டரி கொதிக்கும். எல்.இ.டி. பல்பு வாங்கினால், பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.