மீன் பொரித்தல்: தோல் மொறுமொறுக்கவும் எண்ணெய் தெறிக்காமலும்

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, மல்லாகம், சுன்னாகம் பகுதி நலன்புரி நிலையங்களில் நீண்டகாலம் வாழ்ந்தன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. கடலோரக் காணிக்குத் திரும்பியவர்களுக்கு இப்போது மீன் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆனால் வீடு முடியும்வரை குசினி பெரும்பாலும் கிடுகாலோ தகரத்தாலோ போட்ட கொட்டில்தான். அதற்குள் கொதிக்கும் எண்ணெயைக் கையாள்வது விளையாட்டல்ல.

முழு மீனைப் பொரிக்கும்போது தோல் தாச்சியில் ஒட்டிப் பிய்கிறது. எண்ணெய் கையில் தெறிக்கிறது. இரண்டுக்கும் முக்கிய காரணம் ஒன்றே: தோலில் நிற்கும் தண்ணீர். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். பொரிக்கும் எண்ணெயோ 170 முதல் 180 பாகை வரை சூடானது. ஈரம் முழுவதும் போகும்வரை தோல் அவியுமே தவிர மொறுமொறுக்காது. அந்த ஆவிதான் எண்ணெயையும் தூக்கி எறிகிறது.

ஒட்டி, ஓரா, விளைமீன் ஆகியவை இதற்கு நல்லவை. ஒட்டிக்கும் ஓராவுக்கும் செதிள் மிக நுண்ணியது, சுரண்டும் வேலை குறைவு. ஆனால் அவற்றின் முள்ளில் நஞ்சு உண்டு. முதலில் முட்களை வெட்டிவிடுங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சுடுநீரில் கையை வைத்திருந்தால் கடுப்புக் குறையும். விளைமீனின் செதிளை நன்றாகச் சுரண்ட வேண்டும்.

கழுவிய மீனின் இரு பக்கமும் மூன்று கீறல் போடுங்கள். தோல் சுருண்டு மீன் வளையாது. உப்பும் மஞ்சள்தூளும் பூசி இருபது நிமிடம் வையுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். அந்த நீரைத் துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும்கூட. பலரும் தவறவிடும் படி இதுதான். தேசிக்காய்ப் புளியை இப்போது விடவேண்டாம். சாப்பிடும்போது பிழிந்தால் போதும். எங்கள் வறுத்த கறித்தூள் ஏற்கெனவே வறுபட்டது என்பதால் எண்ணெயில் விரைவில் கருகிக் கசக்கும். காரம் வேண்டுமென்றால் மிளகாய்த்தூளை ஒரு தேக்கரண்டி அரிசிமாவுடன் கலந்து மெல்லியதாகத் தடவுங்கள்.

வெறும் தாச்சியை முதலில் சூடாக்கி, பிறகு எண்ணெய் விடுங்கள். பனம்மட்டை குபீரென எரிந்து விரைவில் தணிந்துவிடும். பொரியலுக்குத் தடித்த விறகின் தணல் நல்லது. ஈரமில்லாத அகப்பைக் காம்பை எண்ணெயில் வைத்தால் சுற்றிலும் சிறு குமிழ் எழவேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், விறகை வெளியே இழுங்கள். மீனை வாலில் பிடித்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து வையுங்கள். தட்டகப்பையால் பத்து விநாடி மெதுவாக அமர்த்துங்கள்.

பிறகு தொடாதீர்கள். தோல் முதலில் உலோகத்தில் ஒட்டும். பொரிந்து இறுகியதும் பெரும்பாலும் தானாகவே விடுபடும். அரைக் கிலோ மீனுக்கு ஒரு பக்கம் நாலைந்து நிமிடம் ஆகும். ஒரு தடவை மட்டும் திருப்புங்கள். எடுத்த மீனை மூடி வைத்தால் ஆவி பட்டுத் தோல் இளகிவிடும்.

எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தாச்சியை உலோக மூடியால் மூடி, விறகை அகற்றுங்கள். அதற்கான மூடி பொரிக்கத் தொடங்குமுன்பே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பற்பசையோ வெண்ணெயோ பூசவேண்டாம். காயம் பெரிதென்றால் இலவச அம்புலன்ஸை அழைக்க 1990. நீங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஆண்டும் அதுவே, மறக்கமாட்டீர்கள்.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீடுகளுக்கு இன்னொன்று. சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். எவ்வளவு மொறுமொறுக்கப் பொரித்தாலும் அது அழியாது. முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி, வாந்தி வரலாம். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையை மலிவென்று வாங்காதீர்கள்.