பெக்கான் நானாஸில் விளையும் பழம்

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் பெக்கான் நானாஸ் என்னும் ஊர் உள்ளது. மலாய்மொழியில் ‘பெக்கான்’ என்றால் சிறு நகரம். ‘நானாஸ்’ என்றால் அன்னாசி. ஒரு பழத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இவ்வூரில் அன்னாசிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. நம் நாட்டில் விளையும் அன்னாசியில் பெரும்பங்கு ஜொகூரிலிருந்துதான் வருகிறது என்பதால், இந்தப் பெருமை அவ்வூருக்குப் பொருத்தமானதே.

ஆனால் அன்னாசி இம்மண்ணில் தோன்றிய செடி அன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. 1493ஆம் ஆண்டு கொலம்பசின் குழுவினர் கரிபியன் கடலிலுள்ள குவாடலூப் தீவில் இப்பழத்தை முதன்முதலாகக் கண்டனர். பிரேசிலில் வாழ்ந்த துப்பி மக்கள் வழங்கிய பெயரைப் போர்த்துகீசியர் ‘அனனாஸ்’ என்று எடுத்துக்கொண்டனர். பழமும் பெயரும் ஒரே கப்பலில் ஆசியாவுக்கு வந்து சேர்ந்தன எனலாம். மலாய்மொழியின் ‘நானாஸ்’, தமிழின் ‘அன்னாசி’ ஆகிய இரண்டும் அந்த ஒரே சொல்லிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள். இலைகள் தாழை மடலைப் போலிருப்பதாலும், பறங்கியர் கொண்டுவந்ததாலும் ‘பறங்கித்தாழை’ என்றும் தமிழில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அழகான பெயர்தான். என்றாலும், சந்தையில் இன்று அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார்.

மலாயாவில் அன்னாசி பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு இரப்பர் ஒரு காரணம். இரப்பர் கன்று நட்டுப் பால் வெட்டுவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை தோட்ட முதலாளிக்கு வருமானம் இல்லை. ஆகவே இளங்கன்றுகளின் வரிசைகளுக்கு இடையே அன்னாசியை நட்டார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் பழம் கிடைத்தது. அந்தப் பணம் இரப்பரை வளர்க்க உதவியது. பழங்கள் சிங்கப்பூரிலிருந்த ஆலைகளுக்குச் சென்று, டின்களில் அடைக்கப்பட்டுக் கப்பலேறின. சிங்கப்பூரின் லிம் நீ சூன், தான் கா கீ போன்ற பெருவணிகர்கள் இரப்பர், அன்னாசி ஆகிய இரண்டிலும் ஈடுபட்டதற்குக் காரணம் இதுவே. இரண்டாம் உலகப் போருக்கு முன் டின் அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்த் தீவுகளுக்கு அடுத்த இடத்தில் மலாயா இருந்தது.

இரப்பர் மரங்கள் வளர்ந்து நிழல் விழுந்ததும் அவற்றின் கீழ் அன்னாசி வளரவில்லை. புதிய இரப்பர்த் தோட்டங்களும் குறையத் தொடங்கின. அன்னாசிக்குச் சொந்தமாக ஒரு நிலம் தேவைப்பட்டது. வேறு எந்தப் பயிருக்கும் எளிதில் இடங்கொடாத ஒரு நிலம் ஜொகூரின் மேற்குக் கரையோரத்தில் அதற்குக் கிடைத்தது.

அந்நிலத்தை மலாய்மொழியில் ‘தானா கம்புட்’ என்பார்கள். சதுப்புக் காடுகளில் விழுந்த இலை, கிளை, வேர் ஆகியவை நீருக்குள் மூழ்கிக் கிடந்ததால் முழுமையாக மக்கவில்லை. சில ஆயிரம் ஆண்டுகளாக அவை அடுக்கடுக்காகச் சேர்ந்து கறுத்த, பஞ்சு போன்ற நிலமாயின. கையில் எடுத்தால் மண்ணைவிட ஊறிய தேங்காய் நாரையே அது நினைவூட்டும். அதன் அமிலத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு 3 முதல் 4 வரைதான். செம்பும் துத்தநாகமும் அதில் குறைவு. உயர்ந்த மரங்கள் அதில் உறுதியாக நிற்பதில்லை. நிலம் இளகுவதால் சாய்ந்து விழுகின்றன. அன்னாசியோ அமிலத்தைத் தாங்கும் செடி. இடுப்பளவு உயரத்திற்கு மேல் வளராததால் சாய்ந்து விழும் கவலை அதற்குக் குறைவு. கம்புட் நிலத்தில் இவ்வளவு பெரிய பரப்பில் அன்னாசி பயிரிடும் நாடுகள் உலகில் அரிது. 1957ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், இத்தொழிலைக் கவனிக்க மலேசிய அன்னாசித் தொழில் வாரியம் சட்டத்தின்வழி அமைக்கப்பட்டது.

அன்னாசியை விதையிட்டு வளர்ப்பதில்லை. பழத்தின் தலையிலுள்ள கொண்டை, காம்பின் அருகே முளைக்கும் சிறு கன்று, அடித்தண்டிலிருந்து கிளைக்கும் பக்கக்கன்று ஆகிய மூன்றில் எதையும் நடலாம். பக்கக்கன்று விரைவில் காய்க்கும். கொண்டை தாமதமாகக் காய்க்கும். ஒரே வயலில் இரண்டையும் கலந்து நட்டால் அறுவடை சீராக இராது. ஆகவே அனுபவமுள்ள விவசாயி கன்றுகளை வகையாலும் அளவாலும் பிரித்த பின்னரே நடுகிறார். இரட்டை வரிசைகளாக, செடிக்குச் செடி ஓரடி இடைவெளிவிட்டு நட்டால், ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 44,000 செடிகள் நிற்கும். நீர் தேங்காமலிருக்க வயலைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டும். அதே வாய்க்கால் வற்றிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது வேலை ஏன் முக்கியம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நட்ட ஒன்பது, பத்து மாதங்களில் செடி பூக்கும் பருவத்தை அடைகிறது. ஆனால், அதன் போக்கில் விட்டுவிட்டால் இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று எனத் தன் விருப்பம்போல் பூக்கும். 44,000 செடிகளையும் நாள்தோறும் சுற்றிவந்து பழுத்ததைத் தேடிப் பறிப்பது எந்தக் குடும்பத்தாலும் இயலாது. இதற்குத் தீர்வு கிடைத்த கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் போர்த்துகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடங்களுக்குள் அன்னாசி வளர்த்தனர். ஒருமுறை கூடத்திற்குள் புகை சூழ்ந்தது. செடிகள் பட்டுப்போகும் என்று அஞ்சினார்கள். அவையோ ஒன்றாகப் பூத்தன! புகையிலிருந்த எத்திலீன் என்னும் வாயுவே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது.

நம் முன்னோர்கள் வாழைத்தாரைக் குழிக்குள் வைத்து மூட்டம் போட்டுப் பழுக்க வைத்ததைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அங்கும் வேலை செய்தது இதே வாயுதான். வாழைக்காயைப் பழுக்கத் தூண்டும் எத்திலீன், அன்னாசிச் செடியைப் பூக்கத் தூண்டுகிறது. இன்று வயலில் யாரும் புகை போடுவதில்லை. எத்திலீனை வெளியிடும் எத்திபோன் என்னும் மருந்தை நீரில் கலந்து, ஒவ்வொரு செடியின் குருத்திலும் சிறிதளவு ஊற்றுகிறார்கள். வெயில் ஏறாத காலையிலோ மாலையிலோ இதைச் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். ஆறேழு வாரங்களில் குருத்தின் நடுவே சிவந்த பூந்தண்டு எட்டிப்பார்க்கும். மருந்து ஊற்றியதிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதங்களில் அறுவடை. எனவே, சீனப் புத்தாண்டுக்குப் பழம் வேண்டுமென்றால் முந்திய ஆண்டின் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே விவசாயி முடிவெடுத்தாக வேண்டும். ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயரான ‘ஓங் லாய்’, செழிப்பு வருகிறது என்றும் ஒலிப்பதால் சீனப் புத்தாண்டில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. எல்லாரும் ஒரே கணக்கைப் போட்டால் பழம் குவிந்து விலை சரியும். ஆகவே வயலைப் பகுதிகளாகப் பிரித்து, வாரத்திற்கு ஒரு பகுதி என மருந்திடுவோரும் உண்டு.

அன்னாசியை ஒரு பழம் என்கிறோம். உண்மையில் அது பழங்களின் கூட்டம். பூந்தண்டில் நூறுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் ஒரு சிறு கனியாகிப் பக்கத்துக் கனியோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் நாம் ‘கண்’ என்று சொல்வது ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனியின் முகம். குளிர்நாடுகளில் விளையும் இராஸ்பெர்ரியிலும் சிறு மணிகள் சேர்ந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால், அந்த மணிகள் அனைத்தும் ஒரே பூவிலிருந்து வந்தவை. அன்னாசியின் கண்களோ வெவ்வேறு பூக்களிலிருந்து வந்தவை. அடுத்த முறை அன்னாசி வாங்கும்போது கண்கள் சுழன்று செல்லும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கமாக 8, மறுபக்கமாக 13 வரிசைகள் இருக்கும். கணிதப் பாடத்தில் வரும் பிபொனாச்சி எண்கள்தாம் இவை.

அறுவடைக்கு முன் பழத்தை வெயிலிலிருந்து காக்க வேண்டும். கனமாகிச் சாயும் பழத்தின் ஒரு பக்கம் சுட்டுப்போனால் அதை யாரும் வாங்கமாட்டார்கள். எனவே, செடியின் நீண்ட இலைகளையே மேலே கூட்டிக் கட்டிப் பழத்திற்குக் குடையாக்குகிறார்கள். பறிக்கும் நாளில் தொழிலாளர்கள் முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, முழங்கால்வரை காலணி ஆகியவற்றை அணிந்து வரிசைக்குள் நுழைகிறார்கள். இலை நுனி கண்ணில் பட்டால் ஆபத்து. வெயிலில் அந்த உடைக்குள் வேர்த்துக் கொட்டுவதைச் சொல்லத் தேவையில்லை. பழத்தைச் சாய்த்து ஒடித்தோ கத்தியால் அறுத்தோ எடுத்து, முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டு, வயலோரம்வரை சுமந்து செல்ல வேண்டும். கீழே நழுவவிட்டால் வெளியே அடி தெரியாது. உள்ளே அழுகத் தொடங்கிவிடும்.

எந்த நாளில் பறிப்பது என்பதுதான் இத்தொழிலில் மிகக் கடினமான கேள்வி. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் காயாகப் பறித்து வீட்டில் பழுக்க வைக்கலாம். அவற்றிலுள்ள மாவுச்சத்து பின்னர்ச் சர்க்கரையாகிறது. அன்னாசியில் அப்படிச் சேமித்த மாவுச்சத்து இல்லை. செடியிலிருந்து பிரிந்த நொடியில் இருந்த இனிப்புதான் கடைசிவரை. பிறகு தோல் மஞ்சளாகலாம், சுவை கூடாது. பழம் அடியிலிருந்து மேல்நோக்கிப் பழுக்கிறது. அருகிலுள்ள சந்தைக்கு என்றால் பாதி மஞ்சளாகும்வரை விட்டுவைக்கலாம். தொலைதூரக் கப்பலுக்கு என்றால் அடிக்கண்கள் நிறம் மாறத் தொடங்கியதுமே பறிக்க வேண்டும். முந்தினால் புளிப்பு, பிந்தினால் அழுகல். அன்னாசியைத் தலைகீழாக நிறுத்திவைத்தால் இனிப்பு கூடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலைக் குறைக்கும் வகையில் புதிய இரகங்களும் வந்தன. மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகமான மார்டி, ‘ஜொகூர்’ என்னும் இரகத்தையும் ‘சரவாக்’ என்னும் இரகத்தையும் இணைத்து 1996ஆம் ஆண்டு ‘ஜோசாபைன்’ இரகத்தை வெளியிட்டது. இரு பெற்றோரின் பெயரும் பிள்ளையின் பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள். இது விரைவில் காய்க்கும். குளிர்கிடங்கில் வைத்தால் நடுப்பகுதி எளிதில் கறுத்துப் போவதுமில்லை. ஹவாயில் உருவாகிக் கோஸ்டா ரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய எம்.டி.2 இரகமும் இப்போது ஜொகூரில் விளைகிறது. ஆலைகளுக்குச் சென்ற பழைய கண்டோல், வீட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்னும் மோரிஸ் ஆகியவையும் இன்னும் மறைந்துவிடவில்லை.

இனி, வாய்க்காலுக்கு வருவோம். கம்புட் நிலம் நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் நிலைத்திருக்கும். பயிரிட வேண்டி நீரை வடித்துவிட்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் கிடந்தவை காற்றுப்பட்டு மக்கத் தொடங்குகின்றன. அவற்றிலிருந்த கரிமம் காற்றில் கலக்கிறது, நிலம் தாழ்கிறது. மேற்கு ஜொகூரில் அளந்து பார்த்தபோது ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தாழ்வது தெரியவந்தது. குறைவாகத் தோன்றலாம். ஒரு விவசாயி 50 ஆண்டுகள் ஒரே வயலில் உழைத்தால், அவர் காலடி நிலம் 1 மீட்டர் கீழே போயிருக்கும். கடல்மட்டத்தை ஒட்டிய கரையோரத்தில் அது சிறிய செய்தி அன்று. தாழத் தாழ நீரை வெளியேற்றுவதும் கடினமாகும்.

நெருப்பு இன்னொரு கவலை. காய்ந்த கம்புட் மண்ணில் தீப்பிடித்தால் மேலே தழல் தெரியாது. நிலத்தடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஓரிடத்தில் அணைத்தால் வேறிடத்தில் புகையும். அறுவடையும் மறுதாம்புப் பயிரும் முடிந்த பிறகு பழைய செடிகளை எரித்து வயலைத் துப்புரவாக்குவது முன்பு வழக்கமாக இருந்தது. அதுவே மலிவான வழி. திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் சட்டம் இப்போது தடைசெய்கிறது. புகைமூட்டத்தால் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் புரியும். அதற்குப் பதிலாகச் செடிகளை இயந்திரத்தால் நறுக்கி நிலத்திலேயே பரப்பலாம். இலைகளை மாட்டுத் தீவனமாக்கலாம். அவற்றிலிருந்து நார் பிரித்துத் துணியும் நெய்யலாம். ஆனால், இயந்திரத்திற்குப் பணம் வேண்டும். சிறு விவசாயியிடம் உள்ளதோ சில ஏக்கர் நிலம்.

எனவே வறட்சிக் காலத்தில் அவர் காலையில் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பழத்தை அன்று, வாய்க்காலை. நீர் குறைந்திருந்தால் தடுப்புப் பலகையை இறக்கி அதைத் தேக்குகிறார். மழை வலுத்தால் அதே பலகையை உயர்த்தி வடித்துவிடுகிறார். அதன் பிறகுதான் கையுறையை மாட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்குகிறார்.