கூத்துக் களரிக்கு மின்சாரம்: கோடை மழைக்கு முன் செய்ய வேண்டியவை

பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை வடமாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில் திடல்களில் விடிய விடிய பாரதக் கூத்து. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இசை நாடகங்கள். இதே மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். சொல்லாமல் கொள்ளாமல் கோடை மழையும் வரும். காய்ந்த மண்ணில் எர்த் பலவீனமாகிறது, மழையில் மேடையும் வொயரும் நனைகின்றன. இவற்றுக்கு நடுவே கலைஞர் வெறுங்காலோடும் வியர்வையில் ஊறிய உடுப்போடும் மைக்கின் முன் நிற்கிறார். நனைந்த உடம்பில் மின்சாரம் எளிதாகப் பாயும். விழாக் கமிட்டியாரும் மைக்செட்காரர்களும் முதல் இரவுக்கு முன்பே, இந்த வாரமே, பின்வருவனவற்றைச் செய்து முடியுங்கள்.

முதலில் இரண்டு கம்பி வொயரை மேடையிலிருந்து அகற்றுங்கள். போக்கஸ் விளக்கின் உடல் இரும்பு, அதைத் தாங்கும் குழாயும் இரும்பு. உள்ளே ஒரு பேஸ் கம்பி நைந்து உடலைத் தொட்டால் அந்தக் குழாய் முழுவதும் 230 வோல்ட். மூன்றாவது கம்பியான எர்த் இருந்தால்தான் அந்த மின்சாரத்துக்கு வேறு வழி கிடைக்கும். இல்லையென்றால் குழாயைத் தொடும் ஆள்தான் அதற்கு வழி. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு இரும்புத் தூணுக்கும் எர்த் போயிருக்கிறதா என்று, மெயினை அணைத்துவிட்டு, கையால் பிடித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

எர்த் இருந்தாலே போதும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். கோடையில் அது போதாது. காய்ந்த மண்ணில் அடித்த கம்பியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவு ஏற்பட்டால் அதன் வழியே 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது, இரும்புக் குழாய் மின்சாரத்தைத் தாங்கியபடியே நிற்கும். எம்.சி.பி. காப்பது வொயரை. மனிதரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இல்லையென்றால் அது கணநேரத்தில் துண்டித்துவிடும். மேடைக்குப் போகும் மெயினில் அதைப் பொருத்துங்கள். எர்த் குழியில் மாலைதோறும் தண்ணீர் ஊற்றுங்கள். கட்டியக்காரன் களரிக்கு வருவதற்கு முன், ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதை விலக்கி நேரடியாக இணைப்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

மைக்செட்டில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் ப்ளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் அதன்பின் ஆம்ப்ளிஃபயரில் கசிவு வந்தால் அது மைக் வழியாகப் பாடுகிறவரின் கைக்கும் உதட்டுக்கும் வரும். மைக் வொயரை விளக்கு வொயரிலிருந்து தள்ளிப் போடுங்கள். இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடத்துங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் ஒரே இடத்திலிருந்து, ஒரே பேஸில், ஒரே எர்த்தில் இணைப்பு எடுங்கள். விளக்கு ஒரு பேஸிலும் மைக் இன்னொரு பேஸிலும் இருந்தால் அவற்றுக்கிடையே 400 வோல்ட் வித்தியாசம்.

அடுத்தது சுமை. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் பார் லைட் ஒன்று 4.3 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட்டில் ஒன்றுதான். மூன்று என்றால் 13 ஆம்பியர், 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். 13 ஆம்பியரை 1.5 ஸ்கொயர் செம்பு வொயரில் 50 மீட்டர் இழுத்தால் வழியிலேயே 17 வோல்ட் குறைந்து, ஏறத்தாழ 220 வாட் வெப்பமாக மாறும். விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றில் ஆறிவிடும். டிரம்மில் சுற்றியபடி விட்டால் உள்சுற்றுகளில் தேங்கி இன்சுலேஷன் உருகும். 2.5 ஸ்கொயர் வாங்குங்கள், டிரம்மை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். எல்.ஈ.டி. விளக்குக்கு மாறினால் சுமை பெரிதும் குறையும். வசதியுள்ள கமிட்டிகள் இந்த ஆண்டே மாறலாம். ஹாலஜன் வைத்திருப்போர் திரையும் தென்னோலையும் அதன் அருகே வராதபடி கட்டுங்கள்.

முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. ப்ளக், சாக்கெட் சேருமிடங்களைத் தரையிலிருந்து தூக்கி, மழைத்தண்ணீர் இறங்காத மூடிக்குள் வையுங்கள். கம்பி நிறத்தில் கவனம் தேவை: சிவப்பு, கறுப்பு, பச்சை என்பது பழைய வழக்கம், புது வொயர்களில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். மூன்று பேஸ் இணைப்பில் நீலம் ஒரு பேஸாக இருக்கும். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள்.

ஜெனரேட்டர் வைத்தால் அதன் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும்படி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அந்த இணைப்பு ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் பயனில்லை. மூன்று பேஸில் நியூட்ரல் மட்டும் கழன்றால் சில விளக்குகளுக்கு 400 வோல்ட் வரை ஏறும். அந்த முனையை இன்றே இறுக்குங்கள்.

மின்கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பந்தல் காலும் விளக்குக் கம்பமும் மேலே போகும் லைனுக்குக் கீழே வரவே கூடாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர், சிறுவர்களும் அதில் உண்டு. தேருக்கும் மேடைக்கும் இதில் வேறுபாடு இல்லை.

இரவு முழுவதும் மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். முறை வைத்து மாறுங்கள். மழைத் தூறல் விழுந்தால் கூத்தை நிறுத்தி மெயினை அணைப்பது அவர் உரிமை, யாரும் வாதாடக் கூடாது. யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மூங்கிலால் விலக்குங்கள். வெறுங்கையால் இழுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம் அமுக்குங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

விடிந்ததும் எல்லோரும் அசதியில் இருப்பார்கள், அடுத்த ஊருக்குப் போகும் அவசரமும் இருக்கும். மெயினை அணைத்த பிறகே வொயரைக் கழற்றுங்கள். நனைந்ததைச் சுற்றாமல் வெயிலில் காயவையுங்கள். நைந்ததை அங்கேயே முடிச்சிட்டுத் தனியாக ஒதுக்கி, பழுது பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.