நீட் வரலையா, அப்போ நர்சிங்காவது...

பிளஸ் டூ முடிவும் நீட் மதிப்பெண்ணும் அடுத்தடுத்து வந்து இறங்கும் நாட்களில், பல வீடுகளில் ஒரே பேச்சுதான். “எம்பிபிஎஸ் கட்-ஆஃப் எட்டாது போலிருக்கு. சரி, நர்சிங்கோ பிசியோவோ லேப்போ, எதிலாவது போட்டுவிடலாம்.” சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கையில் இருக்கும் தகவல்களில் பாதி தப்பு.

பல்கலைக்கழகத்தில் இருந்தே குழப்பம் தொடங்கிவிடுகிறது. “எம்ஜிஆர் மெடிக்கல் யுனிவர்சிட்டியில் சீட் வாங்கணும்” என்று கிண்டிக்கு வந்து விசாரிப்பவர்கள் உண்டு. 1987-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1988 ஜூலையில் இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கல்லூரிகளை இணைத்து நடத்தும் அரசுப் பல்கலைக்கழகம். பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவை அதன் பொறுப்பு. இளநிலை மாணவர்கள் படிப்பதும் பயிற்சி பெறுவதும் அந்தந்தக் கல்லூரியில். 1835-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சிஎம்சி, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி எல்லாம் இதன் குடையின் கீழ்தான். பெயரில் எம்ஜிஆர் உள்ள தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றும் சென்னையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டு, கட்டணத்தைக் கேட்ட பிறகு திகைப்பதில் பயனில்லை.

அடுத்தது, “மருத்துவம் சார்ந்த எதற்கும் நீட் வேண்டும்” என்ற நம்பிக்கை. எம்பிபிஎஸ், பிடிஎஸ் படிப்புகளுக்கும் சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கும் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பி.பார்முக்கும் தமிழ்நாட்டில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்துகிறது. பி.பார்முக்கு உயிரியல்கூடக் கட்டாயமில்லை; இயற்பியல், வேதியியலோடு கணிதம் படித்தவர்களும் சேரலாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பக்கத்து வீட்டு அண்ணன் போன வருஷம் சொன்னதை நம்பாமல், அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டைப் படித்துவிடுவது நல்லது.

“நர்ஸ்னா டாக்டர் சொன்னதைச் செய்றவங்கதானே?” இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். உண்மைக்கும் வயது குறைவில்லை: டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது 1946-இல், நாடு விடுதலை அடைவதற்கு முன்பே. நான்காண்டுப் படிப்பில் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் வரும். எதற்காக இத்தனை என்று கேட்பவர்கள் ஓர் இரவு ஐசியூவில் நின்று பார்க்கலாம். அறுவை முடிந்த 60 கிலோ எடையுள்ள நோயாளியின் படுக்கைக்குக் கீழே சிறுநீர்ப் பை தொங்குகிறது. மணிக்கு 30 மில்லியாவது சேர வேண்டும். 40, 30, 20 என்று அளவு இறங்குவதையும், கூடவே நாடித்துடிப்பு ஏறுவதையும் குறித்துக்கொண்டே வரும் ஸ்டாஃப் நர்ஸ், ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருக்க மாட்டார். டியூட்டி டாக்டரை எழுப்புவார். அங்கே ‘சொன்னதைச் செய்பவர்’ யார், முதலில் சொல்பவர் யார்?

லேப் படிப்பைப் பற்றிய எண்ணம் இன்னும் மோசம். “எல்லாம் மெஷின் பார்த்துக்கும், பட்டனை அழுத்தினால் போதும்” என்கிறார்கள். மெஷினுக்குள் போகும் ரத்தம் சரியாக எடுக்கப்பட்டதா என்று மெஷினுக்குத் தெரியாது. இளநீல மூடிக் குழாயையே எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதற்கான குழாய் அது. உள்ளே சோடியம் சிட்ரேட் இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்பது கணக்கு. நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட்டின் விகிதம் கூடி, உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும். இதய வால்வு மாற்றியவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அந்த ரிப்போர்ட்டை வைத்து மருத்துவர் மாத்திரை அளவைக் குறைத்தால், வால்வில் ரத்தக்கட்டி சேரலாம். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை இன்னொரு குழாய்க்கு மாற்றி ஊற்றினாலும் வம்புதான். அதில் உள்ள இடிடிஏ உப்பு, பொட்டாசியத்தைத் தாறுமாறாக ஏற்றிக்காட்டும். இப்படிப்பட்ட சாம்பிளைப் பார்த்ததும் “வேறு ரத்தம் அனுப்புங்க” என்று வார்டுக்கு போன் போட்டுத் திட்டு வாங்குகிற டெக்னீஷியன்தான் நல்ல டெக்னீஷியன்.

பிசியோதெரபி என்றால் மசாஜ் என்பதும், பார்மசி என்றால் மெடிக்கல் ஷாப் என்பதும் நீண்ட பதில் தேவைப்படாத நம்பிக்கைகள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பக்கவாதம் வந்து படுத்தவரின் வீட்டு வாசலுக்குப் பிசியோதெரபிஸ்ட் போகிறார். வார்டிலேயே நின்று நோயாளியின் மருந்துகளைச் சரிபார்ப்பதற்கென 2008-இல் ஆறாண்டு பார்ம்.டி. படிப்பு வந்தது, அதன் கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. இதை முடித்தவர்களுக்கு எத்தனை மருத்துவமனைகள் உரிய வேலை கொடுக்கின்றன என்பது தனியாகப் பேச வேண்டிய வருத்தம்.

கவலைப்பட வேண்டிய நம்பிக்கை வேறொன்று இருக்கிறது: “சர்டிபிகேட் இருந்தால் வேலை கிடைச்சிடும்.” பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இரண்டு அறை, வெளியே ‘100% வேலைவாய்ப்பு’ பலகை, உள்ளே ஓராண்டு ‘நர்சிங்’. அந்தச் சான்றிதழை வைத்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் அரசு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. மருந்து வழங்குவதற்கும் அப்படியே, 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் பதிவைக் கட்டாயமாக்குகிறது. லேப், ரேடியாலஜி, டயாலிசிஸ் போன்ற துறைகளுக்குப் பல காலம் நாடு தழுவிய ஒழுங்குமுறை இல்லாமல் இருந்தது. 2021-இல் வந்த தேசியச் சட்டம்தான் பயிற்சிக்குக் குறைந்தபட்ச வரையறை வகுத்தது. துணைநிலைப் பணியாளருக்கு 2,000 மணி நேரம், பட்டதாரி நிலைப் பணியாளருக்கு 3,600 மணி நேரம். இரண்டு அறைக் கல்லூரி இதை எந்தப் படுக்கையோரம் நின்று சொல்லிக்கொடுக்கும்?

ஆகவே சேர்க்கைக்குப் போகிறவர்கள் கட்டணத்தை விசாரிக்கும் முன் மூன்றைக் கேட்டுவிடலாம். எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, எந்தக் கவுன்சிலின் அங்கீகாரம், பயிற்சி எந்த மருத்துவமனையில். இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கும். ஐந்து நிமிட வேலை. பதிலுக்கு இழுத்தடிக்கும் இடத்தில் அசல் மதிப்பெண் சான்றிதழை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. பாதியில் விலக நினைக்கும்போது, அதைத் திரும்ப வாங்கத்தான் பெற்றோர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.