கொடைக்குப் போறியா தங்கச்சி?

வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் பார்க்கணும்னா மேடை நிகழ்ச்சியைத் தேடி அலையாதே. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி வரைக்கும் திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் கொடைங்கிற கோயில் திருவிழா நடக்கும், அங்கே வந்துரு. அம்மனுக்குப் பெரும்பாலும் செவ்வாய், சுடலைமாடனுக்கு வெள்ளி. முந்தின ராத்திரி குடியழைப்பு, மறுநாள் மதியக்கொடை, நடுராத்திரியில் சாமக்கொடை. ஒரு வேளைக்குத்தான் வர முடியும்னா சாமக்கொடைக்கு வா. பகலிலேயே தூங்கிக்கோ. கடைசி டவுன் பஸ் போயிட்டா விடியுற வரைக்கும் ஊரிலேதான்.

ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கே போலாமேன்னு கேப்பே. தாமிரபரணிக் கரைதான், அழகுதான். ஆனா அது புலிகள் காப்பகத்துக்குள்ளே இருக்கு. ஜனங்க குடில் போட்டுத் தங்குற கூட்டம். முதல் தடவைக்குச் சின்ன ஊர்க் கொடையே போதும்.

எங்கே உட்காருறேங்கிறது முக்கியம். வில்லுக்காரங்க சாமியைப் பார்த்துத்தான் உட்காருவாங்க, நம்மைப் பார்த்து இல்லை. அவங்களுக்கும் சன்னதிக்கும் நடுவில் காலியாக் கிடக்கிற இடம் சாமியாடிக்கு உரியது. அங்கே போய்ப் பாயை விரிச்சிராதே. பக்கவாட்டில், குடம் தட்டுறவர் பக்கமா இடம் பிடி. வீசுகோல் நாணில் பட்டதும் வில்லில் கட்டின மணியெல்லாம் ஒண்ணாக் குலுங்குறது அங்கிருந்துதான் நல்லாத் தெரியும்.

என்ன கதை படிக்கிறாங்கன்னு பக்கத்துப் பாட்டியிடம் முன்னாடியே கேட்டுக்கோ. சுடலை கதைன்னா, கயிலாயத்தில் விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை சுடுகாட்டுப் பிணத்தைத் தின்னு, பூமிக்கு அனுப்பப்பட்டது வரைக்கும் தெரிஞ்சா போதும், மத்தது தானா புரியும். 2021-ல் பத்மஸ்ரீ வாங்கின வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் நம்ம சத்திரம் புதுக்குளத்துக்காரர். காந்தி கதையை வில்லில் சொன்னவர். அதைக் கேட்டுப் பழகின காதுக்குக் கொடை வில்லு வேற மாதிரி இருக்கும். சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டு தொடங்கினதும் வேகம் கூடும், சாமியாடிக்கு உடம்பு நடுங்கும். அந்த நேரத்தில் மொபைலை உள்ளே வை. மத்த நேரத்தில் படம் எடுக்கணும்னாலும் கோயில்காரங்களைக் கேட்டுட்டு எடு.

கணியான் கூத்து இருந்தா ஆட்டத்துக்கு முன்னாடியே போயிரு. மகுடம்ங்கிற பறையைத் தீயில் காய்ச்சுவாங்க. தோல் முறுகினதும் தட்டிப் பார்த்து, திரும்பக் காட்டுவாங்க. உச்சம், மந்தம்னு ரெண்டு மகுடம். பெண் வேஷம் கட்டி ஆடுறவங்க ஆண்கள்தான், விசில் அடிக்கிற கூட்டத்தோட நீயும் சேராதே. சில கோயில்களில் கணியான் கையைக் கீறி சாமிக்கு ரத்தம் கொடுப்பார். அது நடிப்பு இல்லை. பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தா அதுக்கு முன்னாடியே அங்கிருந்து நகர்ந்துரு. மாடன் பந்தத்தோட வேட்டைக்குப் போகும்போதும் பின்னாலே போகாதே, பொம்பளைங்களும் பிள்ளைகளும் கோயிலிலேயே இருக்கிறதுதான் வழக்கம்.

கழட்ட லேசான செருப்பு, காட்டன் சேலை இல்லை சுடிதார், தண்ணி பாட்டில், குழாய் ஸ்பீக்கர் சத்தத்துக்குக் காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு, இதெல்லாம் இருக்கட்டும். பந்தியில் கூப்பிட்டா உட்கார்ந்துரு, மறுத்தா வருத்தப்படுவாங்க. பாடுறவங்களுக்குக் காசு கொடுக்க நினைச்சா குழுத் தலைவரான அண்ணாவி கையில் கொடு. உன் பேரையும் ஊரையும் மைக்கில் சொல்லிருவாங்க. கூச்சமா இருந்தா கொடுக்கும்போதே வேண்டாம்னு சொல்லிரு.