கேமிங் பிசி: கொட்டேஷன் போடும் முன்

"பட்ஜெட்டுக்குள்ள ஐ7 போட்டுத் தருவீங்களா?" கேமிங் பிசி கேட்டு வருபவர்களில் பலர் பேச்சை இப்படித்தான் தொடங்குவார்கள். அசெம்பிள் தொழிலுக்குப் புதியவரான நீங்கள் உடனே தலையாட்டிவிடாதீர்கள். 2011-ல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான். விண்டோஸ் 11-க்கான ஆதரவுப் பட்டியலில் அது கிடையாது.

முதலில் கேட்க வேண்டியது, என்ன கேம் ஆடப் போகிறார் என்பது. அடுத்தது, சொன்ன தொகையில் மானிட்டர், கீபோர்டு, விண்டோஸ் எல்லாம் அடக்கமா என்பது. இதைக் கேட்காமல் விட்டால் பில் போடும்போது மனஸ்தாபம் வரும்.

வேலரன்ட் மட்டும்தான் என்றால், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி போதும். கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். புதிய பெரிய கேம்கள் என்றால் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது கார்டுக்குப் போகட்டும். 1080பி-யில் ஆட ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் போன்ற ஆறு கோர் பிராசஸரே தாராளம். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்டு மாட்டாமல் திரையில் எதுவும் வராது.

கார்டில் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ஜிடி 1030 ஒரே பெயரில் இரண்டு வகையாக வந்தது. டிடிஆர்4 மெமரி உள்ளது படு மந்தம். ஆர்டிஎக்ஸ் 3050-யின் 8 ஜிபி, 6 ஜிபி கார்டுகளுக்குள் மெமரி மட்டுமா வித்தியாசம்? கோர்களே 2560-லிருந்து 2304-ஆகக் குறைகின்றன. சீனச் சந்தைக்காக 2018-ல் வந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி, பெயர் மாற்றிய 570தான். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் கடையிலேயே அரை மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும், இரவுபகலாக ஓடிய கார்டுகள் நிறையவே விற்பனைக்கு வந்துவிட்டன.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் பேரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கேபினட்டோடு சேர்த்துத் தருகிற பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் கேமிங்குக்கு ஆகாது. அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அங்கே 18 ஆம்பியர்தான் என்றால் கார்டும் பிராசஸரும் பங்கிட்டுக்கொள்ள 216 வாட்தான் மிச்சம். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் இழுக்கும். நல்ல கம்பெனியின் 550 வாட் போட்டுவிட்டால் நிம்மதி. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் ஆகாது.

ரேமில் 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டாம், 8+8 போடுங்கள். 5600ஜி மாதிரி கார்டு இல்லாத பிசியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி இருந்தால் தொடங்கலாம். கண்ணாடி கேபினட்டும் வண்ண விளக்கும் பணம் மிஞ்சினால்தான். கொட்டேஷனில் அவற்றைக் கடைசி வரியில் எழுதினால் வெட்டுவதும் சுலபம்.

ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஜிஎஸ்டி பில்லில் ஏறட்டும். வாரண்டிக்கு அலையும்போது கைகொடுக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸில் அந்த அளவை நீங்களே மாற்றி வைத்து அனுப்புங்கள். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு "கேம் திக்குது" என்று போன் செய்வார்கள். கார்டில் எந்த இடத்தில் செருக வேண்டும் என்று ஒப்படைக்கும்போதே தொட்டுக் காட்டிவிடுங்கள்.