வாட்சுக்கு வியர்க்குதா? அக்கா சொல்றதைக் கேளு!

போன மே மாதம் தம்பி சார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தான். வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது போன் செய்து, "அக்கா, சட்டையைப் பிழிஞ்சா ஒரு சொம்பு தேறும்" என்றான். இரண்டரை மணி நேரம் கழித்துக் கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இறங்கியவன் பல்லைக் கிடுகிடுத்துக்கொண்டே முதலில் நீட்டியது பிள்ளைகளுக்கு வாங்கிவந்த சாக்லேட்டை இல்லை, தன் இடது கையை.

"பெருமாள்மலை தாண்டும்போதே கண்ணாடிக்குள்ள மேகம் இறங்கிருச்சுக்கா. சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி படல!"

படவில்லைதான். அந்தத் தண்ணீர் சார்ஜாவிலேயே வாட்சுக்குள் ஏறிவிட்டது. மலையேறும்போது வெளியே தெரிந்தது, அவ்வளவே. அதற்கு முந்தின ஜூலையில் அங்கே ஒரு கடையில் செல் மாற்றினானாம். பின்மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் அரட்டையடித்து, திரும்ப மூடிக் கொடுத்தார்களாம். அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே புகுந்த கடற்கரைக் காற்றைத்தான் இவன் பத்து மாதமாகக் கையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

பாலைவனம் என்றால் காய்ந்த காற்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வளைகுடாக் கரையில் கோடைக்காலத்தில் நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள். சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிப்புள்ளி 35 டிகிரி என்று பதிவானது. அதாவது, 35 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அன்று நீர் கோத்திருக்கும். அந்த ஊர்க்காற்றுக்கு அவ்வளவு தாகம் தீர்ந்திருக்கிறது.

கணக்கு இதுதான். 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் ஒன்பது கிராம் சொச்சம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? வாட்சுக்குள் எது முதலில் குளிர்கிறதோ அதில் ஒட்டும். அது வெளிக்காற்று படுகிற கண்ணாடிதான். துபாயில் வெயிலில் நின்றுவிட்டு ஏ.சி. காருக்குள் ஏறினால் நடப்பதும் இதேதான். ஆக, கோடைக்கானலில் இருக்கிற எனக்கும் சார்ஜாவில் இருக்கிற அவனுக்கும் வாட்ச் விஷயத்தில் ஒரே தொல்லை. தண்ணீரைவிட வாட்சை அதிகம் படுத்துவது சூட்டிலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து சூட்டுக்கும் தாவுகிற தாவல்.

நம் மலைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. கீழேயிருந்து வாங்கிவரும் சிப்ஸ் பாக்கெட் இங்கே வந்ததும் பந்துபோல உப்பிவிடும், பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். பின்மூடிக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் நன்றாக இருந்தால் வாட்சுக்கு இது ஒன்றும் செய்யாது. வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் வாட்ச் மூச்சு விட ஆரம்பித்துவிடும். மேலே ஏறும்போது காற்றை வெளியே விடும், கீழே இறங்கும்போது வத்தலக்குண்டுப் புழுக்கத்தை உள்ளே இழுக்கும். வாரம் ஒருமுறை காய்கறி லோடு ஏற்றிக் கீழே போய்வருகிற ஓட்டுநர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

உங்கள் வாட்ச் மூச்சு விடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வாட்ச் கம்பெனிகள் சூடான தட்டில் வைத்துச் செய்கிற சோதனையின் ஏழை வீட்டு வடிவம் இது. வாட்சை அரை மணி நேரம் கையிலேயே கட்டி, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுச் சூடேற்றுங்கள். பிறகு கண்ணாடி நடுவில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர். ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில், துணிக்கு எட்டாத உள்பக்கத்தில், புகைபோல ஒரு வட்டம் தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. துடைத்ததும் போய்விட்டால் அது வெளிப்பனி, கவலை வேண்டாம். எங்கள் வீட்டில் ஐஸ் தேவைப்படுவதில்லை. காலை ஆறு மணிக் குழாய்த்தண்ணீரே போதும்.

வட்டம் தெரிந்துவிட்டதா? செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் என் தம்பி எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டான். அரிசி டப்பாவுக்குள் புதைக்காதே. அரிசி அப்படியொன்றும் ஈரத்தை உறிஞ்சாது, அதன் மாவுத்தூள் திருகு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுப்பு மேடையில் வைக்காதே. முடி காயவைக்கிற மெஷினைக் காட்டாதே, சூட்டில் ரப்பரும் எண்ணெயும் கெடும். திருகை இழுத்துவிட்டு மூடுபனியில் "காற்றாட" வைக்கிறேன் என்பது இன்னும் அழகு. கதவைத் திறந்து திருடனுக்குப் பாய் விரிக்கிற வேலை. வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்து, பின்மூடியைத் திறந்து உலர்த்தி, வாஷரைப் புதிதாகப் போடச் சொல். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் முள்ளிலும் டயலிலும் புள்ளி விழும், பிறகு செலவு வேறு.

எப்போது திறக்கச் சொல்வது என்பதிலும் சூட்சுமம் உண்டு. கடையில் அன்றைக்கு என்ன காற்று இருக்கிறதோ அதுதான் அடுத்த செல் மாற்றும்வரை உன் வாட்சுக்குள் குடியிருக்கும். எங்கள் ஊரில் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். அதற்கு எங்கள் வானாய்வகமே சாட்சி. சென்னையிலிருந்து அதை இங்கே கொண்டுவந்தது 1899இல். 1909 ஜனவரியில்தான் வானியலாளர் ஜான் எவர்ஷெட் இங்கிருந்து சூரியப் புள்ளிகளைப் பார்த்து, அவற்றில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அவருக்குச் சூரியன் நன்றாகத் தெரிந்த பருவம் நமக்கு வாட்ச் திறக்க ஏற்ற பருவம். செல் தீரும்வரை காத்திருக்காமல் பிப்ரவரியில் ஒரு காய்ந்த நாளின் முற்பகலில் மாற்றிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொண்டிருக்கிற நாளில் தயவுசெய்து வேண்டாம். சார்ஜாக்காரர்களுக்கு அதே கணக்கு வேறு மாதிரி: குளிர்காலத்தில், நன்றாக ஏ.சி. ஓடுகிற கடையில். கூடவே, "வாஷரையும் மாத்துங்க" என்று வாய்திறந்து கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பழையதையே திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு.

பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி ஏரியில் குதித்த கதைகள் எனக்கே நாலைந்து தெரியும். அது அசையாத தண்ணீரில் சோதித்த அழுத்தம். நடைமுறையில் கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் என்று வைத்துக்கொள். நீச்சலுக்கு 100 மீட்டர் எழுதியதாகப் பார்த்து வாங்கு. எத்தனை மீட்டர் எழுதியிருந்தாலும் வெந்நீர்க் குளியலுக்குக் கட்டிக்கொண்டு போகாதே. வெந்நீரும் சோப்பும் சேர்ந்து வாஷரைக் கெடுக்கும், வெளியே வந்ததும் கோடைக்கானல் குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஸ்ட்ராப் விஷயம் சுருக்கமாக. தோல் ஸ்ட்ராப் நம் ஊர் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பச்சைப் பூசணம் பிடிக்கும், அங்கே வேர்வையில் நாறும். இரண்டு இடத்துக்கும் ரப்பர் அல்லது நைலான்தான் சரி, தோலைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள். பூசணம் வந்துவிட்டால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவை, தணலில் காட்டினால் அப்பளம்போல வெடிக்கும். செயின் ஸ்ட்ராப்பில் வேர்வை உப்பு இடுக்குகளில் தங்கும். வாட்சிலிருந்து கழற்றி, பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து நன்றாகக் காயவைத்து மாட்டு. ஸ்ட்ராப்பைப் பிடித்திருக்கிற பின் துருப்பிடித்து அறுந்தால்தான் வாட்ச் கீழே விழும். சில ரூபாய்ச் சாமான், வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு.

அப்பாவின் சாவி கொடுக்கிற எச்எம்டி என்னிடம்தான் இருக்கிறது. 1961இல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியவர்கள் அவர்கள். அந்தக் கால வாட்சுகள் நீரைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. நான் அதை மழைக்காலத்தில் கட்டுவதே இல்லை. பழைய எண்ணெய் குளிரில் இறுகிப்போய் மணி பிந்தும், கட்டாயப்படுத்திச் சாவி முறுக்கக்கூடாது. அப்போதெல்லாம் அது இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில், சிலிகா ஜெல் மணிகளோடு உறங்குகிறது. ஆரஞ்சு நிற மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும், அதற்கென்றே வைத்த ஒரு பழைய தகரத் தட்டில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. சமையல் கடாயில் வறுக்காதீர்கள். செல் போட்ட வாட்சைப் பல மாதம் கட்டாமல் வைப்பதென்றால் செல்லைக் கழற்றிவிட்டு வைக்கவேண்டும், தீர்ந்த செல் கசிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் போச்சு.

கடைசியாகத் தம்பிக்கு மட்டும் ஒன்று. வேலைக்குப் போகும்போது வாட்சைக் கழற்றிக் காரின் முன்தட்டில் வைக்கிற பழக்கத்தை விடு. செல் வாட்சுக்குள் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிற குவார்ட்ஸ் துண்டை 25 டிகிரிக்கு ஒட்டியே சரிசெய்திருக்கிறார்கள். அதைவிடச் சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். 60 டிகிரியில் கொதிக்கிற முன்தட்டில் நாள் முழுக்கக் கிடந்தால் சுமார் மூன்றரை வினாடி பிந்தும். என் பீரோவுக்குள் 10 டிகிரியில் கிடந்தால் அரை வினாடிக்குச் சற்று மேல். வினாடி போனால் போகட்டும், அந்தச் சூட்டில் வாஷரும் செல்லும் போய்விடும். கையிலேயே கட்டிக்கொள், உடம்புச் சூடு அதற்குப் பழகியதுதான். ஏ.சி. காருக்குள் ஏறும்போது சட்டைக் கையை இழுத்து வாட்சை மூடிவிடு, மெதுவாகக் குளிரட்டும். நீ விட்டுப்போன சிலிகா பாக்கெட்டுகள் என் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன, அடுத்த லீவுக்கு வரும்போது எடுத்துக்கொள்.